டோரிகள் சரிந்த ஆண்டில் ஹாரோ ஈஸ்ட் மட்டும் ஏன் சரியவில்லை?

கேள்வி இதுதான்: “2024 தேர்தலில் பிரிட்டனின் கன்சர்வேடிவ் (டோரி) கட்சி படுதோல்வி அடைந்தது. ஆனால் ஆசியர்கள் நிறைந்த லண்டன் புறநகரான ஹாரோ ஈஸ்டில் மட்டும் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தது. இந்து வாக்கு வங்கி தவிர இதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?”

இந்து வாக்குகள் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தொகுதியில் பதினான்கு வருஷமாக நடந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். லேபர் கட்சி எங்கெங்கே கோட்டை விட்டது என்பதும் தெரியாது. வடமேற்கு லண்டன் தேர்தல்களைப் பல வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன், வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டவர்களோடு நடந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எண்கள். 2024 ஜூலை 4 அன்று கன்சர்வேடிவ் கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைத்தது 23.7 சதவீத வாக்கு, 121 இடங்கள். அதே நாளில் ஹாரோ ஈஸ்டில் அந்தக் கட்சியின் பாப் பிளாக்மன் 25,466 வாக்குகள் வாங்கினார். 53.3 சதவீதம். அந்தத் தேர்தலில் டோரிகள் பாதி வாக்கைத் தாண்டிய ஒரே தொகுதி அது. இரண்டாவதாக வந்த லேபர் வேட்பாளர் பிரிமேஷ் படேலுக்கு 13,786. வித்தியாசம் 11,680. இதே மனிதர் 2010இல் முதன்முதலில் ஜெயித்தபோது வித்தியாசம் வெறும் 3,403. 2015இல் 4,757, 2017இல் 1,757, 2019இல் 8,170. நடுவில் தொகுதியின் எல்லைகள் சற்று மாறின என்றாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. 2017இல் இன்னும் ஓர் ஆயிரம் பேர் கட்சி மாறிப் போட்டிருந்தால் பிளாக்மன் வீட்டுக்குப் போயிருப்பார்.

இப்போது வாக்கு வங்கிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாரோ போரோவின் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதியைப் போரோ என்பார்கள்) 25.8 சதவீதம் பேர் தங்களை இந்து என்று குறித்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் எந்த உள்ளாட்சிப் பகுதியிலும் இதைவிட அதிகம் கிடையாது. ஆசியர்கள் 45.2 சதவீதம். ஹாரோ ஈஸ்ட் தொகுதியை மட்டும் எடுத்தால் இந்துக்களின் பங்கு போரோ சராசரியைவிடக் கூடுதல். மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அத்தனை பேரும் ஒருவர் விடாமல் டோரிக்குப் போட்டாலும் 53 வராது. அத்தனை பேரும் போடவும் மாட்டார்கள், அந்தக் கூட்டத்தில் லேபர் குடும்பங்கள் நிறையவே உண்டு. ஆக ஸ்டான்மோர் யூதர்கள், சமணர்கள், வயதான வெள்ளையர்கள், கடை வைத்திருக்கும் தமிழர்களில் ஒரு பகுதி என்று பலரும் சேர்ந்துதான் இந்த எண் வந்திருக்கிறது.

இடத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கும். லண்டன் டியூபின் ஜூபிலி லைன் வடக்கே போய் முடியும் ஸ்டான்மோர், அதற்கு முந்தைய கேனன்ஸ் பார்க், குயின்ஸ்பரி, பக்கத்தில் பெல்மான்ட், கென்டன், வீல்ட்ஸ்டோன், எட்ஜ்வேரின் ஒரு பகுதி. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டி எழுந்த, ஒரு சுவரைப் பகிர்ந்து இரண்டிரண்டாக நிற்கும் செமி-டிடாச்ட் வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. அந்த வீட்டைக் கடன் வாங்கி வாங்கி, மாடியை இடித்து அறை போட்டு, பின்பக்கம் நீட்டி, பிள்ளைகளை டாக்டராகவும் அக்கவுண்டன்டாகவும் ஆக்கிய குடும்பங்கள்தான் தொகுதியின் நடு நாடி. வீல்ட்ஸ்டோன் பக்கம் கதை வேறு. அங்கே வாடகை வீடுகள், புதிய அடுக்குமாடிகள், சோமாலியர், ஆப்கானியர், ருமேனியர், நம்மவர்கள். ஒரே தொகுதிக்குள் இரண்டு பொருளாதாரம். லேபர் வாக்கு எங்கே, டோரி வாக்கு எங்கே என்பதை மதத்தைவிட வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து ஊகித்தால் அதிகம் தவறாது என்பது என் அனுபவம்.

குஜராத்திகளில் பலர் நேராக இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இல்லை. கென்யா, உகாண்டா வழியாக வந்தவர்கள். 1968இல் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வந்தவர்களைத் தடுக்க மூன்றே நாளில் சட்டம் கொண்டுவந்தது லேபர் அரசு, உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கலஹன். 1972இல் இடி அமீன் துரத்தியபோது உகாண்டா ஆசியர்களை ஏற்றுக்கொண்டது டோரி பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசு. ஏறக்குறைய 28 ஆயிரம் பேர் வந்தார்கள். கென்டனில் சில பெரியவர்கள் இன்றும் ஹீத்தின் பெயரை நன்றியோடு சொல்வார்கள். ஆனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக்கூடாது. குடியேறிகளுக்கு எதிராக ஈனாக் பவல் 1968இல் பேசிய பேச்சும் ஒரு டோரியின் பேச்சுதான். அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் எழுபது, எண்பதுகளில் லேபருக்கே போட்டார்கள். 2010இல் இனச் சிறுபான்மை வாக்காளர்களிடம் நடந்த பெரிய ஆய்வில்கூட 68 சதவீதம் லேபர், 16 சதவீதம்தான் கன்சர்வேடிவ். நன்றியுணர்வு மட்டும் வாக்கை மாற்றியிருந்தால் 1979லேயே மாறியிருக்க வேண்டும்.

தொகுதியின் வரலாறும் ஒரே நிறம் கிடையாது. 1970 முதல் 1997 வரை ஹியூ டைக்ஸ் என்ற டோரி, கட்சிக்குள் ஐரோப்பாவை விரும்பும் அணியைச் சேர்ந்தவர். 1997 பிளேர் அலையில் டோனி மக்நல்டி லேபருக்கு ஜெயித்துக் கொடுத்தார், பதின்மூன்று வருஷம் வைத்திருந்தார், அமைச்சரும் ஆனார். 2009இல் எம்.பி.க்களின் படிக்கணக்கு ஊழல் வெடித்தபோது, தன் பெற்றோர் குடியிருந்த ஹாரோ வீட்டுக்கு அவர் இரண்டாம் வீட்டுப் படி வாங்கிய விஷயமும் வெளியே வந்தது. நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருஷம் தோற்றார். 2010 முடிவில் இந்து அரசியலைத் தேடுபவர்கள் இந்த ஊழலை மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு நாடு முழுக்க லேபர் மீது அலுப்பு இருந்தது, இங்கே கூடுதலாக ஒரு காரணமும் இருந்தது.

சரி, பிளாக்மனுக்கு வருவோம். அவர் திடீரென்று வந்திறங்கிய ஆள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்துப் போரோவான பிரென்ட் கவுன்சிலின் தலைவர். 2004 முதல் 2008 வரை லண்டன் மாநகர மன்றமான அசெம்பிளியில் பிரென்ட்–ஹாரோ உறுப்பினர். 2008இல் அவரைத் தோற்கடித்தவர் லேபரின் நவின் ஷா. 2017இல் 1,757 வாக்கு வித்தியாசத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியவரும் அதே நவின் ஷாதான். வெள்ளைக்கார டோரி ஒருவர், குஜராத்தி லேபர்காரர் ஒருவர், இருவரும் மாறி மாறி. “இந்து இந்துவுக்குப் போடுவார்” என்ற எளிய சூத்திரம் அங்கேயே உடைகிறது. 2024இல் லேபர் மறுபடி ஒரு குஜராத்திப் பெயரை நிறுத்தியது, கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் வாக்கில் தோற்றது.

பிளாக்மன் செய்தது என்ன? இரண்டு வேலை. ஒன்று, எல்லா நல்ல எம்.பி.யும் செய்வது: தொகுதி மக்களின் விசா, கவுன்சில் வீடு, பள்ளி இடம் போன்ற குறைகளைக் கேட்டுக் கடிதம் எழுதுவது. 2017இல் வீடற்றோர் நிலையைக் குறைக்கும் சட்டம் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. வீடிழக்கப் போகிறவருக்கு முன்கூட்டியே உதவ வேண்டிய கடமையை அது கவுன்சில்கள் மேல் வைத்தது. தனிநபர் மசோதா சட்டமாவது அபூர்வம், அது நல்ல சட்டமும்கூட. அவருடைய மற்ற அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

இரண்டாவது வேலை, கோயில், சங்கம், அமைப்பு என்று இந்து நிறுவனங்களோடு இடைவிடாத உறவு. நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் இந்துக்களுக்கான அனைத்துக் கட்சிக் குழுவை நடத்தினார். 2020இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அதே ஆண்டு பக்கத்துத் தொகுதியின் லேபர் எம்.பி. பேரி கார்டினருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். இரண்டு கட்சிகளும் ஒரே கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தன. பிளாக்மன் ஓரடி மேலே போனார். 2017 அக்டோபரில் வங்காளத்தைச் சேர்ந்த தபன் கோஷ் என்ற இந்துத்துவவாதியை வைத்து நாடாளுமன்ற வளாகத்தில் கூட்டம் நடத்தினார். முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிவந்தவருக்கு மேடையா என்று பலமான கண்டனம் எழுந்தது. முஸ்லிம் குடும்பங்களும் இருக்கிற தெருக்களுக்குப் பிரதிநிதியாக இருப்பவர் அதைச் செய்திருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

இதில் தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது சாதிச் சட்ட விவகாரம். 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியையும் இனப் பாகுபாட்டின் ஒரு கூறாக அரசு சேர்க்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 2013இல் பிரபுக்கள் சபையின் வற்புறுத்தலால் அது “சேர்க்கலாம்” என்பதிலிருந்து “சேர்க்க வேண்டும்” என்று மாறியது. பிரிட்டனில் வாழும் தலித் அமைப்புகளின் நீண்ட போராட்டம் அது. வேலையிடத்தில், முதியோர் பராமரிப்பில் சாதி வந்து நிற்பதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சட்ட வாசல் கிடைக்க இருந்தது. உடனே இந்து அமைப்புகள் பல எதிர்த்துக் கிளம்பின. “இங்கே இல்லாத சாதியைச் சட்டமே கொண்டுவருகிறது, இந்துக்கள் மேல் பழி போடுகிறது” என்பது அவர்கள் வாதம். பிளாக்மன் அவர்கள் பக்கம் உறுதியாக நின்றார். அரசு இழுத்தடித்தது. 2017இல் கருத்துக் கேட்டது, 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. 2018 ஜூலையில் அந்தப் பிரிவையே நீக்கப்போவதாக அறிவித்தது. 2014இல் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வழக்கில் சாதியும் இன வரையறைக்குள் வரக்கூடும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதே போதும் என்றது அரசு. வழக்குப் போட்டு நிரூபிக்கப் பணமும் தைரியமும் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு அது. புறநகர்த் தொகுதிகளின் வாக்குக் கணக்கு ஒரு சிறிய, சிதறிக் கிடக்கும் சமூகத்தின் உரிமையை எப்படி ஓரம் தள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. தலித் வாக்குகள் ஒரே தொகுதியில் இப்படிக் குவிந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

2015 தேர்தலில் இந்த விவகாரம் ஹாரோ ஈஸ்ட் தெருக்களில் இறங்கியது. அந்தத் தேர்தலையொட்டி, இந்துக் கோயில்களின் தேசிய அமைப்பு ஒன்று கன்சர்வேடிவுக்கு ஆதரவாக அறிக்கை போட்டது. அறக்கட்டளையாகப் பதிவான எந்த அமைப்பும் ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் விதி. அறக்கட்டளை ஆணையம் தலையிட்டு அந்த அறிக்கை விதிக்குப் புறம்பானது என்றது. இந்த விதியால் கோயில்கள் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன: எல்லாக் கட்சி வேட்பாளரையும் அழைப்பது, எல்லோருக்கும் மாலை போடுவது. ஆனால் யாருக்கு முதல் வரிசை நாற்காலி, யார் பேசும்போது கைதட்டல் நீள்கிறது என்பதைப் பார்த்தாலே வந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

2015இல் பிளாக்மனுக்கு எதிராக லேபர் நிறுத்தியது உமா குமரனை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஹாரோவிலேயே வளர்ந்தவர். 19,911 வாக்குகள் வாங்கி, 4,757இல் தோற்றார். உள்ளூர்ப் பெண், கடும் உழைப்பு, தமிழ் இளைஞர்களின் உற்சாகம், எல்லாம் இருந்தும் போதவில்லை. பிறகு அவர் கதைக்கு வருகிறேன்.

2019தான் திருப்பம். அந்த ஆகஸ்டில் காஷ்மீரின் தனி அந்தஸ்தை இந்தியா ரத்துசெய்தது. செப்டம்பரில் லேபர் கட்சி மாநாடு காஷ்மீரில் சர்வதேசத் தலையீடு கோரி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. வாட்ஸ்அப்பில் “லேபர் இந்தியாவுக்கு எதிரி, இந்துக்களுக்கு எதிரி” என்று செய்திகள் பறந்தன. வெளிநாட்டு பா.ஜ.க. நண்பர்கள் அமைப்பு இழுபறித் தொகுதிகளில் டோரிகளுக்காக வேலை செய்யப்போவதாக வெளிப்படையாகவே சொன்னது. பதறிய லேபர் தலைமை, காஷ்மீர் இந்தியாவும் பாகிஸ்தானும் பேசித் தீர்க்க வேண்டியது என்று கடிதம் வெளியிட்டது. தாமதம். கூடவே யூத வெறுப்புப் புகார்களை அப்போதைய லேபர் தலைவர் ஜெரமி கார்பின் கையாண்ட விதம் ஸ்டான்மோர் பக்கம் லேபரைத் துடைத்துவிட்டது. அந்தச் சமயத்தில் ஹாரோ ஈஸ்டில் லேபர் நிறுத்தியது கட்சியின் இடதுசாரி அணியைச் சேர்ந்த பமேலா ஃபிட்ஸ்பாட்ரிக்கை. 2017இல் 46 சதவீதமாக இருந்த லேபர் வாக்கு 37.9க்கு இறங்கியது.

அதன்பிறகும் லேபர் மீளாததற்குக் காரணம் காஷ்மீரில் இல்லை, குப்பைத்தொட்டியில் இருக்கிறது என்பேன். கென்டன் பக்கத் தெரு ஒன்றில் வாக்குக் கேட்கப் போவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கட்சிக்காரர் ஒருவர் போனில் உள்ள செயலியைப் பார்த்து, வாக்காளர் பட்டியல்படி எந்தக் கதவு, யார் பெயர், போன முறை என்ன சொன்னார் என்று வாசிப்பார். வாசலில் செருப்பு அடுக்கு, நிலைப்படியில் தோரணம், கதவில் கேமரா மணி. திறப்பவர் முதலில் கேட்பது மோடியைப் பற்றியோ காஷ்மீரைப் பற்றியோ இருக்காது. தெருமுனையில் யாரோ மெத்தையைக் கொண்டுவந்து போட்டது, கவுன்சில் வரி ஏறியது, பின்கட்டு நீட்டிப்புக்கு அனுமதி மறுத்தது, ஸ்டேஷன் அருகே எழும்பும் பத்து மாடிக் கட்டடம், காரை நிறுத்த இடமில்லாதது. லண்டனில் கவுன்சில் வரி அதிகமுள்ள போரோக்களில் ஹாரோவும் ஒன்று. 2022 மே மாதம், டோரி பிரதமர் போரிஸ் ஜான்சன் பெயர் நாடு முழுக்க நாறிக்கொண்டிருந்தபோது, லண்டனில் வான்ட்ஸ்வொர்த்தும் வெஸ்ட்மின்ஸ்டரும் லேபரிடம் போன அதே நாளில், ஹாரோ கவுன்சிலை லேபரிடமிருந்து டோரிகள் பிடித்தார்கள். 31 இடம், லேபருக்கு 24. அந்தத் தேர்தலில் பேசப்பட்டது கடைவீதியில் ஒரு மணி நேர இலவச பார்க்கிங், குப்பை, உயரக் கட்டடங்கள். 2024இல் வரப்போவதை அன்றைக்கே வாக்கு எண்ணும் மண்டபத்தில் நின்று பார்த்திருக்கலாம்.

அடுத்து யூலெஸ் வந்தது. பழைய வண்டி ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண்டு கட்டணம். லண்டனின் லேபர் மேயர் சாதிக் கான் 2023 ஆகஸ்ட் 29 முதல் அதைப் புறநகர்களுக்கும் நீட்டினார். காற்று மாசு குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் டியூபை விட்டு இரண்டு மைல் தள்ளி இருப்பவர், அதிகாலை நான்கு மணிக்கு மொத்தச் சந்தைக்கு வேன் எடுப்பவர், பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் இவர்களுக்கெல்லாம் அது நேரடி வயிற்றடி. ஹாரோ உட்பட ஐந்து கவுன்சில்கள் நீதிமன்றம் போய்த் தோற்றன. பக்கத்தில் உள்ள உக்ஸ்பிரிட்ஜில் 2023 ஜூலை இடைத்தேர்தலில் டோரிகள் 495 வாக்கில் தப்பித்தது இதனால்தான். ஆனால் பாருங்கள், அதே உக்ஸ்பிரிட்ஜை அடுத்த வருஷம் லேபர் எடுத்துக்கொண்டது. யூலெஸ் கோபம் அங்கே ஆறிவிட்டது. ஹாரோ ஈஸ்டில் அது ஏற்கெனவே இருந்த அடுக்குகளின் மேல் இன்னொரு அடுக்காக உட்கார்ந்தது, அதனால் கரையவில்லை.

ரிஷி சுனக் பிரதமராக இருந்ததும் உதவியது. ஒரு இந்து டவுனிங் தெருவுக்குப் போனது 2022 தீபாவளியின்போது. பல வீடுகளில் அது சொந்த வீட்டு விசேஷம் போலக் கொண்டாடப்பட்டது. 2024 தேர்தலுக்கு முந்தைய வார இறுதியில் சுனக் நீஸ்டன் சுவாமிநாராயண் கோயிலுக்குப் போனார், லேபரின் அப்போதைய தலைவர் கியர் ஸ்டார்மர் கிங்ஸ்பரி சுவாமிநாராயண் கோயிலுக்குப் போனார். இரண்டும் ஹாரோ ஈஸ்டுக்குச் சில மைல் தூரத்தில் இருப்பவை. ஸ்டார்மர் போனதே லேபர் 2019இல் இழந்ததை மீட்க முயன்றதற்கு அடையாளம். கட்சி நாட்டை ஜெயித்தது, இந்தத் தெருக்களை ஜெயிக்கவில்லை.

சமூகத் தலைவர்கள் மொத்தமாக வாக்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள் என்ற நம்பிக்கை இரண்டு கட்சிகளிலும் இருக்கிறது. நான் பார்த்தவரை, கோயில் கமிட்டித் தலைவரால் நூறு கைகுலுக்கல் ஏற்பாடு செய்ய முடியும், நூறு வாக்கு வாங்கித்தர முடியாது. அவருடைய மகளே வேறு கட்சிக்குப் போடுவாள். வேட்பாளருக்கு அவர் கொடுப்பது நுழைவு மட்டும்தான். அதை வருஷக்கணக்கில் தொடர்ந்து பயன்படுத்துகிறவருக்குப் பலன் கிடைக்கும், தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு வருகிறவருக்குக் கிடைக்காது.

இதற்கு நல்ல ஒப்பீடு லெஸ்டர் ஈஸ்ட். அங்கே 2017இல் கீத் வாஸ் 22,428 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2019இல் கிளாடியா வெப் அதே லேபர் சின்னத்தில் 6,019க்கு இறங்கினார். 2024இல் ஷிவானி ராஜா அதை டோரிகளுக்குக் கைப்பற்றினார். நாடு முழுக்க லேபரிடமிருந்து டோரிகள் பிடித்த ஒரே இடம். ஆனால் அவர் வாங்கியது 31 சதவீதம்தான். முன்னாள் லேபர் எம்.பி.க்கள் வாஸும் வெப்பும் தனித்தனியாக நின்று வாக்கைச் சிதறடித்ததால் கிடைத்த வெற்றி அது. ஹாரோ ஈஸ்டின் 53 வேறு ரகம். இரண்டையும் “இந்து வாக்கு” என்று ஒரே பெட்டியில் போடுவது தப்பு. லண்டனின் கிழக்கே இல்ஃபோர்ட் நார்த்தில் இதற்கு நேர் எதிரான காட்சி. காசாப் போரில் லேபர் எடுத்த நிலைக்கு எதிராகச் சுயேச்சையாக நின்ற லியான் முகமது, லேபர் தலைவர்களில் முக்கியமானவரான வெஸ் ஸ்ட்ரீட்டிங்கை 528 வாக்கு வரை விரட்டினார். வெளிநாட்டு விவகாரம் ஒரு புறநகர்த் தொகுதியைத் தொடும்போது அது எந்தச் சமூகத்தையும் தொடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம்மவர்கள் விஷயம். இங்கிலாந்து, வேல்ஸில் தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் 2021 கணக்கில் ஒரு லட்சத்துக்கும் மேல். ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், மிச்சம், நியூ மால்டன் என்று பரந்து கிடக்கிறார்கள். எந்தத் தொகுதியிலும் தனியாக முடிவைத் தீர்மானிக்க முடியாது, 1,757 போன்ற வித்தியாசம் வந்தால் தீர்மானிக்க முடியும். 2009இல் ஈழப் போரை நிறுத்தக் கோரி நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்த தலைமுறை அந்தக் கணக்கை நன்றாகவே உணர்ந்தது. ஹாரோ வெஸ்டில் 1997 முதல் இருக்கும் லேபரின் கரெத் தாமஸ் ஈழத்தமிழர் பிரச்சினையைத் தொடர்ந்து பேசிவருவதற்கு அந்தத் தொகுதியின் சவுத் ஹாரோ, ரேனர்ஸ் லேன் தமிழ்க் குடும்பங்களும் காரணம்.

உமா குமரன் 2024இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் 11,634 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து முதல் தமிழ் எம்.பி. ஆனார். வளர்ந்த ஊரில் தோற்றவர், லேபரின் பாதுகாப்பான இடத்தில் எளிதாக வந்தார். உழைப்பும் திறமையும் 2015லும் இருந்தன. மாறியது அவர் நிறுத்தப்பட்ட இடம். பிரிட்டனில் பெரும்பாலான தொகுதிகளில் யார் எம்.பி. என்பது தேர்தல் நாளுக்கு முன்பே, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் சில நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். 2024 போலத் திடீர்த் தேர்தல் வந்தால் தலைமையே பல இடங்களில் ஆளைப் போட்டுவிடும். நம்மவர்களில் பெரும்பாலோர் தேர்தல் நாளில் வரிசையில் நிற்பதோடு சரி, கட்சிக் கிளைக் கூட்டத்துக்குப் போவது மிகக் குறைவு. குஜராத்திகள் நாற்பது வருஷமாகப் போகிறார்கள். பள்ளி நிர்வாகக் குழு, வார்டு கவுன்சிலர், அப்புறம் அசெம்பிளி என்று படிப்படியாக ஏறியிருக்கிறார்கள். இந்து மதப் பள்ளிகளில் அரசு நிதியோடு நாட்டிலேயே முதலில் வந்தது 2008இல் இதே தொகுதியில் எட்ஜ்வேர் பக்கம் தொடங்கிய கிருஷ்ண அவந்தி. அது வானத்திலிருந்து விழவில்லை, கூட்டங்களில் உட்கார்ந்து வாங்கியது.

கடைசியாக, கேள்வி கேட்டவர் உட்படப் பலருக்கும் தெரியாத ஒன்று. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும், முறையான விசாவோடு அங்கே வசிக்கும் பதினெட்டு வயது நிரம்பிய இந்திய, இலங்கைக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் கிடைக்கும் உரிமை அது. மாணவர்களுக்கும் பொருந்தும். அதே வீல்ட்ஸ்டோன் தெருவில் பத்து வருஷமாக வரி கட்டும் ருமேனியருக்கு அந்த உரிமை கிடையாது. 2023 மே முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் வேண்டும் என்று நினைத்துப் பலர் போகாமல் இருக்கிறார்கள். இந்திய பாஸ்போர்ட்டும் இலங்கை பாஸ்போர்ட்டும் செல்லும், பெரியவர்கள் இலவசமாகப் பயணிக்க வைத்திருக்கும் ஃப்ரீடம் பாஸும் செல்லும். எதுவும் இல்லாதவர் இலவசமாக வாக்காளர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலை நாள் முன்பு, அதை இணையத்திலேயே சில நிமிடத்தில் செய்துவிடலாம்.